கண்ணீர் காணாமல் போன காட்சி

மார்ச் 5

வெள்ளப் படத்துக்கு டப்பிங் முடிந்தது. எனக்கு வழக்கம்போல அம்மா வேடம். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு வகுப்பறையில் பிணங்களை வரிசையாகத் துணி போர்த்திக் கிடத்தியிருக்கிறார்கள். வெளியே தெரியும் பாதங்களைப் பார்த்தே, இது என் பிள்ளை என்று நான் சொல்ல வேண்டும். படத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு காட்சிதான்.

டப்பிங் திரையில் படம் இன்னும் அரைகுறை. அலை வர வேண்டிய இடத்தில் பச்சைத் துணி தொங்குகிறது. கதாநாயகன் அதைப் பார்த்து மிரண்டு ஓடுகிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு என் காட்சி வந்தது. நன்றாகத்தான் அழுதிருக்கிறேன். கிளிசரின் போடாமல் அழுகிறவள் என்று தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கன்னமெல்லாம் ஈரம், மூக்கு சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படித்தானே இருப்பாள்?

குரலிலும் விம்மினேன். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அழுகை வேண்டாம்மா, மூச்சு மட்டும் குடுங்க" என்றான். எல்லோரும் அவனைத் தாடி என்கிறார்கள், அவன் இல்லாதபோது.

"முகம் அழுதுட்டு இருக்கே தம்பி. மூச்சு மட்டும் குடுத்தா எப்படி ஒட்டும்?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

மார்ச் 6

எதைப் பார்த்துக்கொள்வான்?

மார்ச் 9

காட்சியையே தூக்கிவிடப் போகிறான் என்று வீட்டில் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "தூக்கறவன் எதுக்கு டப்பிங் எடுக்கறான்?" என்றார். நியாயமான கேள்வி. எப்போதும் நியாயமாகவே கேட்கிற ஆணோடு குடும்பம் நடத்துவது லேசில்லை.

மார்ச் 21

படக் கம்பெனியிலிருந்து போன். "ஒரு பத்து நிமிஷம் கிராபிக்ஸ் ஆபீசுக்கு வந்துட்டுப் போங்கம்மா, முகத்தை நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும்." எதற்கு என்றால் அந்தப் பையனுக்குத் தெரியாதாம். தெரியாதவனை வைத்துத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

தங்கச்சியிடம் சொன்னேன். "ஜாக்கிரதைக்கா. முகத்தை ஒரு தடவை வாங்கிட்டாங்கன்னா அப்புறம் ஆளே வேண்டாமாம். நீ வீட்டுல இருப்பே, உன் முகம் போய் நடிச்சிட்டு வரும்." அவள் பயமுறுத்தினாளா, பொறாமையா, தெரியவில்லை. எனக்கு முழங்கால் வலிக்கிறது. முகம் மட்டும் போய் வந்தால் சௌகரியம்தான் என்று சொல்லி வைத்தேன். ஆனால் பகல் தூக்கம் வரவில்லை.

மார்ச் 23

போனேன். பெரிய ஹால். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. வரிசை வரிசையாகப் பையன்கள், எல்லார் திரையிலும் அலை. ஒருவன் நுரையை மட்டும் செய்கிறான். இன்னொருவன் அலையில் மிதந்து வரும் பேருந்து. பேருந்து கவிழும்போதெல்லாம் அவர்களே கைதட்டிக்கொள்கிறார்கள்.

என்னை மூலைக்கு அழைத்துப் போனது ஒரு பெண். முப்பது இருக்கலாம். நடக்கிற சத்தமே கேட்கவில்லை, பூனை மாதிரி. நாற்காலியில் உட்கார வைத்து, "முகத்துல எந்த பாவமும் வேண்டாம்மா, சும்மா இருங்க" என்றாள். சும்மா இருப்பதற்கு என்னை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

"எதுக்கும்மா இது?"

"சின்ன சுத்தம் பண்ற வேலைதான்."

"என்ன அழுக்கு இருக்கு?"

அவள் கேமராவை எடுக்கத் திரும்பியபோது அவளுடைய திரையைப் பார்த்துவிட்டேன். என் கண். ஒற்றைக் கண், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நான் பார்ப்பதைப் பார்த்து டக்கென்று மூடினாள்.

சுருக்கத்தை எடுக்கிறார்கள். வேறென்ன? அம்மாவாகக்கூட வயதாகிவிட்டது போலிருக்கிறது எனக்கு.

ஏப்ரல் 11

கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். எடுக்கிறதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பார்கள்?

மே 17

படம் வந்துவிட்டது. அவரோடு போனேன். அலை வந்தபோது விசில். பேருந்து கவிழ்ந்தபோது எனக்குப் பின்னால் ஒருவன் நாற்காலியில் ஏறி நின்றான். எனக்கு அந்த ஹால் பையன்கள்தான் ஞாபகம்.

பிறகு வகுப்பறை. சுருக்கமெல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது ஒரு நிமிஷம். பிறகுதான் பார்த்தேன் — கண்ணீர் இல்லை. கன்னம் உலர்ந்து கிடக்கிறது. மூக்கில் சிவப்பு இல்லை. பாதத்தைப் பார்க்கிறேன், மூச்சு நிற்கிறது, தலையை ஆட்டுகிறேன், அவ்வளவுதான். அரங்கில் சத்தமே இல்லை. விசிலடித்தவனும் வாயை மூடிக்கொண்டான்.

நான் அழுதேனே. அழுதேன்தானே?

வெளியே வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பொது இடத்தில். "நீ இப்படிப் பண்ணி நான் பார்த்ததே இல்லை" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வழக்கமா நீ கொஞ்சம் அதிகமா பண்ணுவே" என்றார்.

இத்தனை வருஷமாக இதைச் சொல்லவே இல்லை இந்த மனுஷர். இத்தனை வருஷமும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா?

மே 19

பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அலை வெறும் படாடோபமாம், பணத்தைக் கொட்டிய பொம்மை விளையாட்டாம். "படத்தின் ஒரே உண்மை அந்தத் தாயின் வறண்ட கண்கள். எந்தக் கணினியாலும் செய்ய முடியாததை ஒரு முகம் செய்துவிட்டது."

இரண்டு முறை படித்தேன். காபி ஆறிப்போயிற்று.

மே 22

எனக்கே என் மேல் சந்தேகம். மேக்கப் போடுகிற அக்காவுக்குப் போன் செய்து, அன்றைக்கு நான் அழுதேனா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்ப்பது போனிலேயே தெரிந்தது.

"அழுதியாவா? ஒவ்வொரு டேக்குக்கும் உனக்கு முகம் போட்டுப் போட்டு என் கை ஒடிஞ்சது. முந்தானையெல்லாம் நனைஞ்சு வேற புடவை மாத்தினோம். ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சரி. என் மூளை கெட்டுப் போகவில்லை. அப்போ கெட்டது யாரு?

மே 28

பேட்டிக்கு ஒரு பெண் வந்தாள். "அந்தக் காட்சியில கண்ணீரை எப்படிக் கட்டுப்படுத்துனீங்க?"

"அனுபவம்தான்" என்றேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அதைத் தலைப்பாகவே போட்டுவிடுவாள்.

ஜூன் 4

தாடியை நேரில் போய்ப் பிடித்தேன். அவன் மறைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"உங்க நடிப்பைத்தான்மா எடுத்தேன். கொஞ்சம் குறைச்சேன். அலை அவ்வளவு பெரிசா இருக்கறப்ப நீங்களும் கொட்டினா ஜனங்க தாங்க மாட்டாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே."

"சொல்லிப் பார்த்தேன். உங்களால முடியலை. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருக்கிறது. இரண்டு டேக்கில் சொன்னான். அந்தப் பாதங்களைப் பார்த்தால் எனக்கு நிற்காது.

"இதை வெளிய சொல்லிடாதீங்க. உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று வாசல் வரை வந்து சொன்னான். மிரட்டலா, அக்கறையா? இரண்டும் ஒரே குரலில் வருகிறது இவர்களுக்கு.

கீழே இறங்கும்போது அந்தப் பூனைப் பெண்ணைப் பார்த்தேன். டீக்கடையில் தனியாக நின்றாள். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நீதானே?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நாள் ஆச்சு?"

"ரெண்டு மாசம். கன்னத்துல ஓடினதை எடுத்தேன், மூக்கு சிவப்பை எடுத்தேன். கண்ணுக்குள்ள நின்ன தண்ணியை மட்டும் விட்டுட்டேன். அதை எடுத்தப்ப நீங்க செத்துப் போன மாதிரி இருந்தது." கொஞ்சம் யோசித்து, "அலைக்கு ஒரு ஹால் ஆளுங்க. உங்களுக்கு நான் ஒருத்திதான்" என்றாள்.

திட்டத்தான் போனேன். "உங்க வீட்டுல கேட்டா, படத்துல நீ எதைச் செஞ்சேன்னு சொல்லுவே?" என்று கேட்டுவிட்டேன்.

"அலைன்னு சொல்லிடுவேன். எதைச் செஞ்சேன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி செய்யறதுதான் என் வேலை. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

டீக்கு அவளே காசு கொடுத்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். நல்ல பெண்ணாகத் தெரிகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

புதுப் படம். கதையே என்னைச் சுற்றித்தான். இந்த வயதில், முதல் முறையாக. புது இயக்குநர் வீட்டுக்கே வந்து, "அந்த வறண்ட கண்ணுதான்மா எனக்கு வேணும்" என்றான்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் பெருமையோடு எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறார்.

அக்டோபர் 16

முக்கியமான காட்சி. மகள் வீட்டை விட்டுப் போகிறாள், நான் வாசலில் நிற்க வேண்டும், அழாமல். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மானிட்டரில் பார்த்தால் மரக்கட்டை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி மரக்கட்டை.

"என்னம்மா, போன படத்துல அவ்வளவு அழகா பண்ணீங்க" என்றான் இயக்குநர்.

சொன்னால் படம் போய்விடும். சொல்லாவிட்டால் காலம் முழுக்க இந்த மரக்கட்டையாக நிற்க வேண்டும். எழுந்து அவனைத் தனியாக அழைத்துப் போனேன், லைட் வண்டிக்குப் பின்னால்.

"அது நான் இல்லை தம்பி. நான் அழுதேன். அப்புறம் துடைச்சிட்டாங்க. கம்ப்யூட்டர்ல."

என்னையே பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அவ்வளவுதானா? அப்ப நாமளும் துடைச்சுக்கலாம்மா. நீங்க நிம்மதியா அழுங்க."

இதற்கு என்ன சொல்வது? சிரிப்பதா, அடிப்பதா?

"துடைக்கறதா இருந்தா நான் வரலை. வேற ஆளைப் பாருங்க" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். யூனிட் முழுக்க என்னையே பார்த்தது. சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே, "சரி, அழுங்க. தொட மாட்டேன்" என்றான்.

அழுதேன். ஒரே டேக்.

அக்டோபர் 17

தொட மாட்டேன் என்றான். எழுதியா கொடுத்தான்?

பிப்ரவரி 8

படம் வெளிவந்தது. இந்த முறை பூனையை அழைத்துக்கொண்டு போனேன். என் கண்ணை நம்புவதற்கில்லை, அவள் கண் வேண்டும். வாசல் காட்சியில் நான் பார்த்தது திரையை அல்ல, அவளை. அவள் இமைக்காமல் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "சொல்லு" என்றேன்.

"உங்களுக்குப் பின்னாடி ஒரு கரண்ட் கம்பத்தை எடுத்திருக்காங்க. நல்ல வேலை. முகத்துல யாரும் கை வைக்கலை."

"நிச்சயமா?"

"நான்னா அந்த மூக்கை அப்படி விட்டிருக்க மாட்டேன்மா."

பிப்ரவரி 10

காலையில் அவர் விமர்சனத்தைச் சத்தமாக வாசித்தார். கதை நன்று, ஒளிப்பதிவு நன்று. அடுத்த வரிக்குப் போகும்போது குரல் தாவியது. மனுஷருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"எதை விட்டீங்க?"

"ஒண்ணுமில்லை."

பேப்பரைப் பிடுங்கினேன். "வாசல் காட்சியில் தெருவுக்கே கேட்கும்படி அழுகிறார். போன படத்தில் கண்ட அந்த அடக்கம் எங்கே போனது?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

பேப்பரை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.