செவலை யாருடைய மாடு

2001 ஜூன் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். நிவித்திகலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நாட்டு மாடுகளுக்கு இரத்தம் எடுக்கும் வேலை. கொழும்பு ஆராய்ச்சி டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க, படிவம் நிரப்ப, கால்நடை அலுவலகத்திலிருந்து நான். இரண்டு காலிலும் அட்டைக்கடி.

கொழுந்து பறிக்கும் முத்தம்மா அக்காவின் செவலைப் பசு. டொக்டர் தாய்வழி கேட்டார். தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வரும் அடையாளம் ஒன்று இரத்தத்தில் இருக்கிறதாம். அக்கா யோசிக்கவே இல்லை.

"இதோட ஆத்தா கரிச்சி. கரிச்சியோட ஆத்தா மயில. அதுக்கு ஆத்தா மொட்டக்கொம்பி. எங்கம்மா கல்யாணத்துக்கு வந்த மாடுங்க அது."

டொக்டருக்குச் சந்தோஷம். 'உள்நாட்டு இனம்' என்று எழுதினேன். உரிமையாளர் அடையாள அட்டை எண்? அக்காவிடம் இல்லை. இங்கேயே பிறந்தவர், பிரஜாவுரிமை கிடையாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பெயரைப் போடச் சொன்னார் என் மேலதிகாரி, டொக்டர் காதில் விழாமல். போட்டேன்.

மாடு இந்த நாட்டு மாடு. அக்கா எந்த நாடு?

6, புதன்
வெயில். சவர்க்காரம், டோர்ச் பற்றரி வாங்க மறந்தேன். எரிச்சல். கடை மேல் இல்லை, அந்தப் படிவத்தை எழுதிய என் மேல்.

19, செவ்வாய்
தாய்வழி தெளிவான பசுக்களை அரசாங்கப் பண்ணைக்கு எடுக்கிறார்கள். பதிலுக்கு உரிமையாளருக்கு ஒரு ஜேர்சிக் கிடேரி. செவலையும் பட்டியலில். கணக்கப்பிள்ளை 'உரிமையாளர்' என்று கையெழுத்தே போட்டுவிட்டார். வெட்கம் கெட்ட மனிதன்.

அக்கா அலுவலக வாசலில்.
"தங்கச்சி, நீதானே எழுதுன? எம் பேரு எங்க?"
"ஒங்ககிட்ட ஐடி இல்லையேக்கா."
"மாட்டோட ஆத்தாளுக்கெல்லாம் ஐடி கேட்டியா?"



20, புதன்
லீவு. பஸ்ஸில் இரத்தினபுரி, டொக்டர் தங்கியிருக்கும் விடுதி. உரிமையாளர் பெயர் பொய், எழுதியது நான், எழுதச் சொன்னது என் மேலதிகாரி. எல்லாம் சொன்னேன். எழுத்தில் தர முடியுமா என்றார். சிங்களத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். பயமில்லை, ஆத்திரம்.

21, வியாழன்
செவலையை ஏற்ற வந்த லொறி வெறுமையாகத் திரும்பியது. கணக்கப்பிள்ளை லயத்து வீடுகளுக்கு முன்னால் நின்று கத்தினாராம். டொக்டர் புதுப் படிவம் கொடுத்தனுப்பியிருந்தார். உரிமையாளர்: முத்தம்மா. எண்: ஒரு கோடு. வாசித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "சரி, போய்ட்டு வா" என்றார்.

22, வெள்ளி
மேலதிகாரி விளக்கக் கடிதம் கேட்கிறார். ஒரு பக்கத்துக்குள் வேண்டுமாம். மூன்று பக்கம் ஆயிற்று. இன்னும் அவர் பெயருக்கே வரவில்லை.