சாடிச் சூளைக்குள் விதுசன்

விசுவமடு

அன்பு மகன் விதுசனுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தைத்தான் அவரிடம் ஓயாமல் கேட்கிறேன். போனில் என்றால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், அதனால் லீவு முடிந்து கொரியாவுக்குத் திரும்புகிற சதீஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே மழை பிந்திவிட்டது, விதைப்பு இன்னும் முடியவில்லை.

கொரியாக்காரர் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற சாடி செய்யும் வேலை என்றதும் எனக்குப் பெரிய சந்தோஷம். மண்ணைக் கயிறுபோல் திரித்து அடுக்கி, உள்ளே கரி நெருப்பைத் தொங்கவிட்டுக் காயவைத்து, பலகையால் தட்டித் தட்டி எழுப்புவதைப் படம் பிடித்து அனுப்பினாயே, கோயில் ஐயர் வரைக்கும் காட்டித் திரிந்தேன். அந்தச் சாடிகளை அடுக்க நீளச் சூளைக்குள் தவழ்ந்து போகிறவன் நீதான் என்று முதலிலேயே எனக்கு ஏன் சொல்லவில்லை? மெலிந்தவன் என்று முதலாளி உன்னைத்தான் அனுப்புகிறாராம், உள்ளே போனால் பங்கருக்குள் இருந்த மாதிரி மூச்சு முட்டுகிறது என்று போன கிழமை நீ சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து மண் சரிந்து பங்கர் வாசல் மூடியபோது, அப்பாவோடு உள்ளே அகப்பட்டு என் மடியில் இருந்த பிள்ளையல்லவா நீ. வேறு இடம் மாற முதலாளி சம்மதிக்க வேண்டும், அவர் சம்மதிக்கமாட்டார், ஓடினால் விசா போய்விடும் என்கிறாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அப்பாவோ, ஆம்பிளைப் பிள்ளை, ஒப்பந்தம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று ஒரே பிடி. எனக்கு வந்ததே கோபம். நீ கட்டித்தந்த மாபிள் பதித்த குளியலறைக்குள் இன்றுவரை கதவு சாத்திக் குளிக்காத மனுஷன், கிணற்றடிதான் காற்றோட்டம் என்று சாட்டுச் சொல்கிறவர்! முதலில் நீங்கள் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ, பிறகு பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கோ என்றேன். வீம்புக்குப் போனார். நான் குசினியில் பாதித் தேங்காய்கூடத் திருவி முடிக்கவில்லை, கதவைக் குத்துகிற சத்தம். கொண்டி கையருகே இருக்கிறது, அவருக்கு அதை நீக்கத் தெரியவில்லை. நான்தான் கதவிடுக்கால் கத்தியை விட்டுக் கொண்டியைத் தூக்கினேன். உடம்பெல்லாம் வேர்த்து நிலத்தில் இருந்தார். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். பிறகு, பிள்ளையை இனி அதுக்குள்ள போகவேண்டாமெண்டு சொல்லு, வரச்சொல்லு என்றார்.

ஆனபடியால் மகன், பலகை தட்டுகிற வேலை தரச்சொல்லி முதலாளியிடம் வாய் திறந்து கேள். மாட்டேன் என்றால் வந்துவிடு, ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும். சதீஸிடம் மிளகாய்த்தூள் தந்திருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா வெளியில், மாமரத்துக்குக் கீழேதானே படுக்கிறவர், நேற்று தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலும் போட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளே வந்து படுங்கோ என்று நான் இனி உங்கள் இருவரையும் கேட்கமாட்டேன். பிள்ளையார் உன்னைக் காப்பார்.

உன் அம்மா,
ந. கமலாசனி