மடிப்புக் கலையாத வேட்டி

புளோக் B, பத்தாவது மாடி,
கிள்ளான்.
3 ஜூலை 2021

குணபாலனுக்கு,

நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை. பதினோரு ஆண்டுகளாக விசாரிக்காத நலத்தை இப்போது விசாரித்தால் உனக்கும் கூச்சமாக இருக்கும், எனக்கும்.

மூன்று நாளாக உன் வீட்டுச் சன்னலில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. இந்த ஊரடங்கில் வெள்ளைத் துணிக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை, இருப்பவர்கள் கொடுங்கள். உங்கள் புளோக்கில் இன்னும் பல சன்னல்களில் தொங்குகிறது. கீழ் மாடிகளுக்குக் கோயில்காரர்களும் சூராவ் தொழுகைக்கூடத்துக்காரர்களும் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்தேன். உன் ஏழாவது மாடிக்கு யாரும் ஏறியதாகத் தெரியவில்லை. லிஃப்ட் வேலை செய்தால்தானே ஏறுவார்கள்.

கீழே காவலுக்கு இருக்கிற ஜாகாவிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, சார்டின் டின், நெத்திலி, மிலோ. மிலோ உன் மகள் யுவஸ்ரீக்கு. எதிர் புளோக்கில் பெரியப்பா என்று ஒருவன் இருப்பதை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயோ இல்லையோ, மிலோ குடிக்க அது தெரிய வேண்டியதில்லை.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. எதிர்வீட்டுக்காரன் செய்கிற காரியம், அவ்வளவுதான். பதில் வேண்டாம்.

தனபாலன்

*

புளோக் A, ஏழாவது மாடி.
4 ஜூலை 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

குணா எழுதுவது. இங்கு நான், கோமதி, யுவஸ்ரீ மூவரும் நலம். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நலத்துக்கு இறைவனை வேண்டுகிறோம். நீங்கள் வாத்தியார், பிழையிருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

சன்னலில் தொங்கியது உதவி கேட்கும் வெள்ளைக் கொடியில்லை. துவைத்துக் காயப்போட்ட வேட்டி. பள்ளிக்கூடம் மூடியதால் என் பஸ் ஓடவில்லை என்பது உண்மைதான். அதற்காக நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. கோமதி நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டி எங்கள் மாடிக்காரர்களுக்கு விற்கிறாள். ஜாகா பையோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது பக்கத்து வீட்டு ஃபரீடா அக்கா, "ஒன் அண்ணனா அனுப்புனாரு? அப்ப இன்னிக்கு இடி விழும், துணிய உள்ள எடு" என்று எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அரிசி, பருப்பு, சார்டின், நெத்திலி எல்லாவற்றையும் நன்றியோடு திருப்பி அனுப்புகிறேன். மிலோவை மட்டும் முடியவில்லை. நான் பார்ப்பதற்குள் உங்கள் மகள் டின்னைத் திறந்துவிட்டாள். "பெரியப்பாவா? காலைல கைலியோட நின்னு பூத்தொட்டிக்குத் தண்ணி ஊத்துவாரே, அவரா?" என்று கேட்டாள். சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறாள்.

இனி உங்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க வேட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி குணா

*

6 ஜூலை 2021

குணபாலனுக்கு,

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகியவன் நான். உன் பொய் நாலாம் வகுப்புப் பொய். துவைத்த வேட்டியில் மடிப்புக் கோடு இருக்குமா? அந்தத் துணியில் சதுரம் சதுரமாகக் கோடு விழுந்திருந்தது. கடை மடிப்பு. அதன் பக்கத்தில் ஒரு சட்டை, ஒரு துண்டு காயவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் வேட்டியை மட்டும் துவைக்கிற குடும்பத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

துணியை எடுத்துவிட்டாய். கௌரவம் காப்பாற்றப்பட்டது. அதை அடுப்பில் ஏற்றி வேகவைக்க முடிந்தால் எனக்கும் ஒரு பிடி அனுப்பு.

பையை மறுபடி கொடுத்தனுப்புகிறேன். இந்த முறை திருப்பினால் ஜாகாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனோ, "சார், அரிசி வேணாம் சார். நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு முதுகு போச்சு" என்கிறான்.

அன்புள்ள அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா இறந்த மறுநாள் சபாவிலிருந்து, அந்தத் தாவாவிலிருந்து விமானம் ஏறி வந்துகொண்டிருந்தவனும் இதே அண்ணன்தான். இரண்டு மணி நேரம் நீ நிற்கவில்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளைய மகன் உரிமை, அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. முகத்தைப் பார்க்க விட்டிருக்கலாம். நான் வந்து இறங்கியபோது நீங்களெல்லாம் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். சிமெண்டுத் தரையில் அந்தத் தண்ணீர் ஓடியது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

வேறு விஷயம். எனக்குப் பதினேழாம் தேதி தடுப்பூசி. நீ பதிந்தாயா? ஊரே ஊசி போட்டுக்கொண்டால்தான் பள்ளிக்கூடம் திறக்கும். பள்ளிக்கூடம் திறந்தால்தான் உன் பஸ் ஓடும். இது உனக்குப் புரிகிற பாடம்தான்.

தனபாலன்

*

9 ஜூலை 2021

அண்ணே,

பையை வைத்துக்கொண்டேன். ஜாகாவின் முதுகுக்காக.

உங்கள் கடிதத்தைக் கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒங்க அண்ணனுக்கு வாயில வெசம், கையில அரிசி. அரிசிய நான் பாத்துக்கறேன், வாய நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சார்டின் பிரட்டப் போய்விட்டாள். இத்துடன் வரும் நாசி லெமாக் அவள் கட்டியது. உங்களுக்குக் காரம் ஆகாது என்று சம்பாலைக் குறைத்திருக்கிறாள். அது எப்படி இவளுக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். அம்மா சொல்லியிருக்கிறார்.

ஊசிக்குப் பதியவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, பயம். எங்கள் பஸ் டிரைவர்கள் வாட்சாப் குழுவில் ஒருவன், "கை மரத்துப்போயிடும்டா, தூக்கவே முடியாது" என்கிறான். இன்னொருவன், "கையி என்னா, ரெண்டு வருசத்துல ஆளே இருக்க மாட்டான்" என்கிறான். ஆளுக்கொரு வீடியோ அனுப்புகிறார்கள். கை போனால் ஸ்டியரிங்கை எதால் பிடிப்பேன்? தினமும் காலையில் கீழே போய் பஸ்ஸை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, கண்ணாடியில் காலி சீட்டுகளைப் பார்த்துவிட்டு மாடியேறுகிறேன். என் பிழைப்பு இப்போது அவ்வளவுதான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை ஆண்டில் நீங்கள் கேட்டதில்லை, அதனால் நான் சொன்னதில்லை. மின்சுடலையில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் மறுநாள் சாயங்காலம். சித்தப்பா, "ஏற்கெனவே ஒரு ராத்திரி வச்சிருந்தாச்சு. இன்னும் எவ்ளோ நேரம்டா போட்டு வைப்ப?" என்று சத்தம் போட்டார். உங்கள் கைப்பேசிக்கு அடித்தேன், நீங்கள் வானத்தில் இருந்தீர்கள். அத்தனை பெரியவர்கள் சுற்றி நிற்க, "நிறுத்துங்க, எங்கண்ணன் வரணும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சபாவிலிருந்து மாற்றலாகி வந்தீர்கள். நாட்டில் இத்தனை ஊர் இருக்க, எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே வீடு வாங்கினீர்களே. முகத்தில் விழிக்கக் கூடாது என்று இருக்கிறவர்கள் அங்கேயா வாங்குவார்கள்?

தம்பி குணா

*

25 ஜூலை 2021

குணா,

உன் கடைசிக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் பதில் எழுதவில்லை. இப்போதும் அதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

என் பக்கத்து வீட்டுச் செங் பெரியவர் செவ்வாய்க்கிழமை காலமானார். காலையில் இறங்கிக் கீழே நடப்பாரே, கோழிக்கூண்டு மாதிரி ஒரு தொப்பி போட்டுக்கொண்டு, அவர்தான். கொரோனா. மருத்துவமனையில் இடமில்லை என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒரே மகன் ஜொகூரில். போலீஸ் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தான். சுகாதாரத்துறை ஆட்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடு வந்துவிட்டார்கள். அந்த வீட்டில் வேறு ஆள் இல்லாததால் என்னைக் கேட்டார்கள். "மகன் வந்துக்கிட்டே இருக்கான், சிரம்பான் தாண்டிட்டானாம், கொஞ்சம் நில்லுங்க" என்று சொன்னேன். அவர்களில் ஒரு பெண், முகம் தெரியவில்லை, குரல்தான். "அங்கிள், இன்னும் ஆறு வீடு போகணும். காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. என்ன செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கொண்டுபோங்கள் என்று சொன்னவன் நான்தான்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மகன் வந்துவிட்டான். என் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அங்கிள், கொஞ்சம் நிக்கச் சொல்லியிருக்கலாமே, மூஞ்சியாவது பாத்திருப்பேனே" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சுகாதாரத்துறை, ஆறு வீடு, தண்ணீர் என்று ஏதோ சொன்னேன். எல்லாம் உண்மை. ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. ஏறாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவன் போன பிறகும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். இந்தப் பக்கம் நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை கனத்தது, மறுநாள் சரியாகிவிட்டது. ஸ்டியரிங் என்ன, லோரியே ஓட்டலாம். வீடியோக்களை விட்டுவிட்டுப் பதிந்து தொலை. உனக்கொன்று என்றால் அந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் எனக்காக நிற்கமாட்டார்கள். தாவாவிலிருந்து இல்லை, எதிர் புளோக்கிலிருந்து நான் படி இறங்கி வரும்வரைகூட நிற்கமாட்டார்கள். இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

அந்தத் துணியை மறுபடி கட்டு. அரிசி இருந்தாலும் கட்டு, இல்லாவிட்டாலும் கட்டு. காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்துக்கொள்வேன்.

தனபாலன்

*

28 ஜூலை 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

செங் பெரியவர் செய்தி கேட்டு வருத்தமாக இருந்தது. என் பஸ்ஸைக் கடக்கும்போதெல்லாம் டயரை ஒரு தட்டுத் தட்டி, தலையாட்டிவிட்டுப் போவார்.

துணியைக் கட்டிவிட்டேன். அதை நீங்கள் இன்று காலை பார்த்ததும் எங்களுக்குத் தெரியும். "அப்பா, பெரியப்பா நம்மளயே பாத்துக்கிட்டுத் தண்ணிய தொட்டிக்கு வெளிய ஊத்துறாரு" என்று யுவஸ்ரீ கத்தினாள். ஒன்பதாவது மாடிக்காரர் தலையை நீட்டி உங்களை என்னவோ சொன்னாரே, அது இங்கே வரை கேட்டது.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. அது கொடியாகத்தான் கட்டினது. அன்றைக்கு அரிசி டின்னைத் தட்டித்தான் எடுத்தோம். கோமதி யுவஸ்ரீயின் பள்ளிச் சட்டையைக் கட்டலாம் என்றாள். "பள்ளிக்கூடம் தொறந்தா புள்ள என்னத்தப் போட்டுக்கிட்டுப் போவா?" என்று நான்தான் தடுத்தேன். வீட்டில் வேறு வெள்ளையாக இருந்தது அந்த வேட்டி ஒன்றுதான்.

அது உங்கள் வேட்டி, அண்ணே.

அம்மா காரியத்துக்காக ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவில் இரண்டு வேட்டி எடுத்தேன். ஒன்றை நான் கட்டிக்கொண்டேன். மற்றது உங்களுக்கு. நீங்கள் வந்து இறங்கியபோது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், தரையைப் பார்த்தீர்கள், வந்த டாக்சியிலேயே ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும்போதெல்லாம் கோமதி, "இத நீங்களாச்சும் கட்டுங்களேன்" என்பாள். மடிப்பைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் கொடியாகக் கட்டினேன். அது உங்கள் கண்ணில்தான் முதலில் பட்டது.

ஊசிக்குப் பதிந்துவிட்டேன், கோமதிக்கும் சேர்த்து. வாட்சாப் குழுவில் சொன்னபோது "போய்ட்டு வா மச்சான், நல்ல மனுசன்டா நீ" என்று மாலை போடாத குறையாக வழியனுப்பினார்கள். மைசெஜாத்ரா செயலியில் இன்னும் தேதி வரவில்லை.

தம்பி குணா

*

5 ஆகஸ்டு 2021

அன்புள்ள குணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இந்த வாரத்திலிருந்து தேதி வராதவர்களும் நேரே போய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை எனக்கு இரண்டாவது ஊசி. நீயும் கோமதியும் அதே மண்டபத்துக்கு வாருங்கள். உன் பஸ் கீழே நின்று உறுமியது போதும், ஒரு நாள் ஓடட்டும். போலீஸ் தடுப்பில் கேட்டால் என் தேதியைக் காட்டிக்கொள்ளலாம். இடைவெளி விட வேண்டுமாம், நான் கடைசி சீட்டில் உட்காருகிறேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு சீட்டாவது நிரம்பியிருக்கும். யுவஸ்ரீயை ஃபரீடா அக்கா வீட்டில் விட்டு வாருங்கள். கோமதியிடம் சொல், வாயை இனி நானே பார்த்துக்கொள்கிறேன். சம்பால் இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கலாம். அம்மா சொன்னது பழைய கதை.

ஜாகாவிடம் இந்தக் கடிதத்தோடு என் வெள்ளைச் சட்டை ஒன்று கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போனது, காலரில் மட்டும் கொஞ்சம் நைந்திருக்கும். அதைச் சன்னலில் கட்டிவிட்டு வேட்டியைக் கழற்றி அனுப்பு. கொடி கட்டுவதற்கு வாங்கியதல்ல அது. துவைக்காதே, பெட்டி போடாதே. அந்த மடிப்பை நானே கலைத்துக்கொள்கிறேன். ஊசி போட வேட்டி கட்டி வருகிறவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பும்போது மின்சுடலை வழியாகப் போவோம். உள்ளே விடமாட்டார்கள், தெரியும். வெளியே சாலையோரத்தில் பஸ்ஸை நிறுத்து, போதும்.

எட்டு மணிக்குக் கீழே இரு. எங்கள் லிஃப்ட் மறுபடி பழுது. பத்து மாடி இறங்க வேண்டும், முட்டி வேறு வலிக்கிறது, வேட்டி கட்டிப் படி இறங்கிப் பழக்கமும் போய்விட்டது. கொஞ்சம் தாமதமாகலாம்.

நில், வந்துவிடுகிறேன்.

அண்ணன்