வெலிமடைக்குப் போன குதிரை

ஸ்பிரிங்வெளி, பதுளை
21.01.2024

என் செல்லத் தம்பி தயாபரனுக்கு,

துஷாந்தினி அக்கா எழுதுறேன். உன் கடுதாசி வந்து ஒன்றரை மாசமாச்சு. கத்தார்ல அந்தப் பாலைவனப் பண்ணையில போன் எடுக்காதுன்னு தெரியும். ஒரு பேனாகூடவா கிடைக்கல?

இங்க விடாத மழை. பிள்ளைக் காம்பராவுல, அம்மாமாரு கொழுந்து பறிக்கப் போறப்ப விட்டுட்டுப் போற புள்ளைகள்ல பாதிக்குச் சளி. நானும் மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் அதுகளப் பாத்துக்கிறேன்.

உன் குதிரை செம்பி நல்லா இருக்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி நீ அவள நுவரெலியாவுல இருந்து கொண்டாந்து விட்டப்ப, கிட்டப் போகவே பயந்தேன். இப்ப நானே ஏறி ஓட்டுறேன்! பங்களா ஹோட்டலுக்கு வர்றவங்களையும் ஞாயித்துக்கிழமைல ஏத்தி நடத்துறேன். ஹோட்டல் மேனேஜர் அடுத்த மாசம் பதினெட்டாந் தேதி வெலிமடை மைதானத்துல நடக்குற குதிரைக் கிளினிக்குக்கு என் பேரையும் குடுத்திருக்காரு. கிளினிக்குன்னதும், "அவளுக்கு ஒரு நோயும் இல்லீங்களே"ன்னு கேட்டுட்டேன். சிரிச்சாரு. கொழும்புல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து, அவங்கவங்க குதிரையிலயே ஏத்திப் பழக்குவாங்களாம். ஊரே வந்து பாக்கலாமாம். லொறிக்காரர் பாறூக் நானா, கரட் கிழங்கு ஏத்தப் போற லொறியில செம்பியக் கூட்டிட்டுப் போறேன்னாரு.

தோட்டத்து லயத்துப் பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு நாலு பேரு கேக்கத்தான் செய்றாங்க. நீ கேக்க மாட்டன்னு தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
துஷாந்தினி

•

கத்தார்
05.02.2024

அன்பு அக்காவுக்கு,

கடுதாசி இன்னைக்குத்தான் கிடைச்சது. ஊருக்கு லீவுல வர்ற ஒரு ஆள்கிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

அக்கா, செம்பியக் கூட்டிட்டுப் போகாதீங்க. அவளுக்குப் பின்னங்கால்ல பழைய வலி இருக்கு, லொறியில நின்னா தாங்க மாட்டா. கூட்டம்னாலும் ஆகாது. உங்களுக்குப் பழகணும்னா நான் வந்து சொல்லித் தர்றேன். மத்த எங்க வேணும்னாலும் போங்க, வெலிமடைக்கு மட்டும் வேணாம்.

மேனேஜர்கிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க. இது ஒன்னுதான் உங்ககிட்டக் கேக்குறேன்.

தம்பி
தயாபரன்

•

ஸ்பிரிங்வெளி
21.02.2024

தயாபரன்,

உன் கடுதாசி நேத்து வந்துச்சு. நாங்க ஞாயித்துக்கிழமையே போயிட்டு வந்துட்டோம்.

ஆறு குதிரை வந்திருந்துச்சு. டீச்சரம்மா யாரையும் உடனே ஏற விடல. முதல்ல ஒவ்வொரு குதிரைக்கும் வயித்து வாரைக் குனிஞ்சு பாக்கச் சொன்னாங்க. "சேணத்தைப் புடிச்சு நிறுத்துறது இந்த வார்தான். இது அறுந்தா நீங்க கீழ" அப்படின்னாங்க. நம்ம வார் நல்லா இருந்துச்சு. நீ புதுசாப் போட்டேன்னு சொல்லிக் குடுத்ததுதானே.

செம்பி மூணு சுத்து வந்தா. லவுட்ஸ்பீக்கர் அலறுது, புள்ளைக கத்துதுக, ஒரு பட்டம் அவ மூஞ்சிக்கு நேரா வந்து விழுந்துச்சு. அசையல. டீச்சரம்மா மைக்குல, "இவ்வளவு அமைதியான குதிரையை நான் பார்த்ததில்லை"ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

அப்பத்தான் வேலிப் பக்கமிருந்து ஒரு சத்தம். "லக்கி!"

செம்பி சட்டுனு தலையத் திருப்பினா. கயித்துக்குக் கீழ நுழைஞ்சு ஒரு முஸ்லிம் அம்மா ஓடி வந்தாங்க. செம்பி நெத்தியில இருக்கிற உடைஞ்ச பிறை மாதிரி வெள்ளையப் பாத்தாங்க, இடது காதுல இருக்கிற வெட்டத் தொட்டாங்க. "இதக் கொன்னுட்டோம்னு சொன்னாங்களே... மிரண்டு தூக்கிப் போட்டுச்சுன்னு சொன்னாங்களே... எங்க றின்ஸாவக் கொன்னது இதுதான்"னு சொல்லிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாங்க.

நான் குதிரை மேலயே இருந்தேன் தயாபரன். எறங்கக்கூடத் தோணல. பாறூக் நானாதான் என்னை எறக்கி விட்டாரு.

அந்த அம்மா பேரு உம்மு குல்தூம். மைதானத்துக்குப் பின்னாலதான் வீடு. ரெண்டு வருசத்துக்கு முந்தி நுவரெலியாவுக்கு டூர் போனப்ப மகள் குதிரையில ஏறியிருக்கா. பத்தொன்பது வயசு. விழுந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்து செத்துப் போனா. விழுறதுக்கு அஞ்சு நிமிசத்துக்கு முந்தி எடுத்த படத்தை அந்த அம்மா போன்ல காட்டினாங்க. அந்தப் புள்ள பயந்துகிட்டே சிரிக்குது. கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நீ.

படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். வயித்து வாருல பாதிதான் வார். மிச்சம் நீலக் கலர் நைலோன் கயிறு.

அந்த அம்மா அதைக் கவனிக்கல. நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும்.

என்ன நடந்துச்சுன்னு எழுது. பொய் எழுதுறதா இருந்தா எழுதவே வேணாம்.

துஷாந்தினி

•

கத்தார்
10.03.2024

அக்கா,

மூணு தரம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன்.

வார் முந்தின நாளே அறுந்துருச்சு. குதிரைச் சவாரி முதலாளிகிட்டச் சொன்னேன். லீவு நாள் கூட்டம் முடியட்டும், அப்புறம் மாத்தலாம்னாரு. நான்தான் கயித்தால கட்டினேன். கட்டினது நான்தான் அக்கா, வேற யாருமில்ல.

அந்தப் புள்ள ஏறினதும், "அண்ணே, விழ மாட்டேன்தானே?"ன்னு கேட்டுச்சு. நான் புடிச்சிருக்கேன்னு சொன்னேன். திருப்பத்துல எனக்குப் போன் வந்துச்சு. கடிவாளத்த விட்டுட்டு அதை எடுத்தேன். கயிறு அவுந்து, சேணம் ஒரு பக்கமா சரிஞ்சிருச்சு. தலை மதகுக் கல்லுல அடிச்சது. லக்கி மிரளவே இல்ல. நின்ன எடத்துலயே நின்னா. பக்கத்துல யாரும் இல்ல, பாத்தது நான் மட்டும்தான்.

ஆளுக வர்றதுக்குள்ள கயித்தை உருவி எடுத்துட்டேன். பொலிஸில குதிரை மிரண்டுச்சுன்னு சொன்னேன். முதலாளி லக்கியச் சுட்டுரச் சொன்னாரு. செய்யாத குத்தத்துக்கு அவளும் சாகணுமான்னு இருந்துச்சு. கொன்னு புதைச்சாச்சுன்னு சொல்லிட்டு, உங்ககிட்டக் கொண்டாந்து விட்டு, பேரையும் மாத்தினேன்.

இங்க தினமும் பதினாலு குதிரைக்கு வார் பாக்குறேன். ஒவ்வொன்னையும் ரெண்டு தரம்.

படிச்சிட்டு இதை அடுப்புல போட்டுருங்க. உங்களுக்கு இருக்கிறது நான் ஒருத்தன்தானே அக்கா.

தயாபரன்

•

ஸ்பிரிங்வெளி
01.04.2024

தம்பி தயாபரனுக்கு,

அடுப்புல போடல.

ரெண்டு நாள் தலையணைக்குக் கீழ வச்சிருந்தேன். நேத்து வெலிமடைக்கு பஸ் ஏறிட்டேன். நோன்பு நேரம். அந்த அம்மா தான் தண்ணிகூடக் குடிக்காம, எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊத்தித் தந்தாங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு, "படத்துல நிக்கிறது என் தம்பி"ன்னேன். அப்புறம் உன் கடுதாசியை ஒரு எழுத்து விடாமப் படிச்சேன்.

அழுவாங்க, என்னை வெளியே போகச் சொல்வாங்கன்னு நெனச்சேன். "குதிரை மிரளல்லியா?"ன்னுதான் கேட்டாங்க. இல்லைன்னேன். திருப்பித் திருப்பி அதையே கேட்டாங்க.

றின்ஸாவுக்குக் குதிரைன்னா பயமாம். "ஒன்னும் செய்யாது, ஏறு மகள்"னு தள்ளாத குறையா ஏத்தி விட்டது இவங்கதானாம். புள்ள பயத்துல கத்திக் குதிரைய மிரட்டிட்டாளோ, நான் ஏத்தினதாலதானேன்னு ரெண்டு வருசமா ஒழுங்காத் தூங்கலையாம். வீட்டுக்காரரும் அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்தாராம். "இத நீங்க அன்டைக்கே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. என்னைத்தான் பாத்தாங்க. எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சது.

கடுதாசியை அவங்க கையிலயே குடுத்துட்டேன். பெருநாள் முடிஞ்சதும் பொலிசுக்குப் போறாங்க. அது உன் எழுத்துதான்னு நான் சாட்சி சொல்லுவேன். உன் முதலாளி பேரையும் சொல்லுவேன்.

நான் உன்னை வெறுக்கல. வெறுக்க முடிஞ்சா லேசா இருந்திருக்கும்.

எனக்குப் பதில் எழுதாத. அவங்களுக்கு எழுது. வந்தாலும் முதல்ல அந்த வீட்டுக்குப் போ. பிறகு இங்க வா, சோறு போடுறேன்.

அக்கா
துஷாந்தினி

எழுத வேண்டிய விலாசம்:
உம்மு குல்தூம் (றின்ஸாவின் உம்மா),
மைதானத்துக்குப் பின்வீதி,
வெலிமடை.