பன்னிரண்டாவது திராட்சை

மோனாச்சில்
வியாழக்கிழமை

என் கண்ணே நியேவெஸ்,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அது போதும். தென் துருவத்தில் இப்போது என்ன குளிரோ, காதை மூடிக்கொள். இதை உட்கார்ந்து படி. செவ்வாய்க்கிழமை கடைசி விமானம் கிளம்பிவிடும், அதன் பிறகு நவம்பர் வரை யாரும் அங்கே வரவும் முடியாது, அங்கிருந்து போகவும் முடியாது என்று நீதான் சொன்னாய். அந்த விமானத்தில் நீ ஏறிவிட வேண்டும். காரணத்தைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அங்குஸ்தியாஸ் போட்ட கோட்டை நான் தாண்டியதில்லை என்பது ஊருக்கே தெரியும், கிண்டலும் செய்வார்கள். இன்று தாண்டுகிறேன்.

நீ போன கொஞ்ச நாளில், இறந்தவர்கள் நாளுக்குப் பூ எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம், அம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது என்றாள், கிழவி ஆகிவிட்டாய் என்று நான் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கணையத்தில் கட்டியாம். அறுத்து எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டதாம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோடை வரை தாங்காது என்று சொல்லிவிட்டு, "பொண்ணு தூரத்துல இருக்கான்னீங்களே, வரச் சொல்லிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். உன் அம்மா அழவில்லை, என்னைத்தான் திட்டினாள். ஆறு வருஷம் அலைந்து பிள்ளை அந்த வேலையைப் பிடித்திருக்கிறாள், கருந்துளையைப் பார்க்கிற அந்த டெலஸ்கோப் டிஷ்ஷை விட்டுவிட்டு என் கட்டிலுக்குக் காவல் இருக்கவா வர வேண்டும் என்று.

நீ கிளம்புவதற்கு முன்பு கடைசியாகச் சேர்ந்து கொண்டாடிய புத்தாண்டு உனக்கு நினைவிருக்கிறதா? நள்ளிரவில் அடிக்கிற பன்னிரண்டு மணியோசைக்கும் ஓசைக்கு ஒன்றாகத் தின்ன, வழக்கம்போல் ஆளுக்குப் பன்னிரண்டு திராட்சையை வைத்துக்கொண்டு டிவி முன்னால் காத்திருந்தோம். கருந்துளை கருந்துளை என்கிறாயே, எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை என்றாள் அம்மா. நீ தட்டைக் காட்டிச் சொன்னாய். ஒருத்தன் மணியோசைக்கு ஒரு திராட்சையாகத் தின்றுகொண்டே அந்தத் துளைக்குள் விழுகிறான் என்று வைத்துக்கொள், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விளிம்பைத் தாண்டுகிறான், அவன் கைக்கடிகாரம் எப்போதும்போல் ஓடும், தாண்டியதுகூட அவனுக்குத் தெரியாது, பன்னிரண்டாவதையும் தின்றுவிடுவான் என்றாய். தூரத்தில் நின்று பார்க்கிற நமக்குத்தான், இழுப்பு கூடக் கூட அவன் நேரம் மெதுவாகும், ஒரு மணியோசைக்கும் அடுத்த ஓசைக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும், அவனிடமிருந்து கிளம்பும் வெளிச்சம் ஏறி வரத் திணறிச் சிவந்து மங்கும், பன்னிரண்டாவது திராட்சை அவன் வாய்க்குப் போவதை நாம் பார்க்கவே மாட்டோம் என்றாய். அவன் எப்போதோ உள்ளே போயிருப்பான், நாம் பார்ப்பது அவன் விளிம்பில் விட்டுப்போன வெளிச்சத்தை. இருபது வருஷம் பனி டிராக்டரில் விஞ்ஞானிகளை வெலேத்தா மலை உச்சி டெலஸ்கோப்புக்கு ஏற்றி இறக்கியவன் நான், ஒருத்தரும் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை. "பாவம், அவனுக்குப் புது வருஷமே பொறக்காதா?" என்று அம்மா கேட்டாள். "அவனுக்குப் பொறந்துடும்மா, நமக்குத்தான் தெரியாது" என்றாய் நீ.

அவள் அதை மறக்கவில்லை மகளே. டாக்டரைப் பார்த்து வந்த மறுநாள் காலையில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து, "போனை எடு பௌலீனோ. அவ தூரத்துல இருந்து பாக்குறவதானே, நான் விளிம்புலயே நிக்கிறதா தெரியட்டும்" என்றாள். குரல் இருக்கும்போதே உனக்குப் பேசிப் பதிவு செய்தாள், நீ அங்கே இருக்கப்போகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்று. இன்னும் வராத ஈஸ்டர் ஊர்வலத்தில் மழை வந்து கெடுத்துவிட்டது என்று ஒன்றில் புலம்புகிறாள். வரப்போகிற ஆகஸ்டில் உன் பெயர் நாளுக்கு, உனக்குப் பெயர் தந்த பனி மாதாவைப் பார்க்க எல்லோரோடும் மலை ஏறினாளாம், முழங்கால் வலிக்கிறதாம். நான் வாரம் ஒன்றாக அனுப்ப வேண்டும், அவள் போன பிறகும். போன இரண்டு ஞாயிறும் உனக்கு வந்தவை அப்படி அனுப்பியவைதான். இப்போது அவளுக்குக் குரலே எழும்புவதில்லை. அம்மா குரல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று நீ எழுதினாய், அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

என்னால் முடியவில்லை. கடைசியாக வந்ததில், ஆற்றங்கரையில் பாதாம் பூத்துவிட்டது என்று அவள் சொன்னாள் அல்லவா, ஒரு படம் அனுப்புங்கள் என்று நீ கேட்டாய். இந்த வருஷம் உறைபனி விழுந்து மொட்டெல்லாம் கருகிவிட்டது நியேவெஸ், அவள் நவம்பரில் உட்கார்ந்து குத்துமதிப்பாகச் சொன்னது. ஒரு பூத்த மரமாவது கிடைக்குமா என்று நேற்று பகல் முழுவதும் திருடன்போல் அலைந்தேன். கிடைத்திருந்தால் படம் எடுத்து அனுப்பியிருப்பேன், உன்னையும் ஏமாற்றியிருப்பேன். ஒரு மரமும் கிடைக்கவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து கடைசிப் பதிவைப் போட்டுக் கேட்டேன், நவம்பரில் முதல் விமானம் வரும்போது அனுப்ப வேண்டியது. சூப் கொதிக்கிறது, எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வா என்கிறாள். அடுத்த அறையில் அவள் ஒரு வாய் தண்ணீரை விழுங்க முடியாமல் படுத்திருக்கிறாள்.

உன் டிஷ்ஷை உன்னோடு வேலை செய்கிற அந்த இன்னொரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கருந்துளை எங்கும் ஓடிவிடாது. அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நீ நவம்பர் வரை சந்தோஷமாக இருப்பாய், அதன் பிறகு என் முகத்தில் எப்படி விழிப்பாய், நான் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? செயற்கைக்கோள் தலைக்கு மேல் வருகிற கொஞ்ச நேரம்தான் உனக்குத் தபால் வரும் என்று தெரியும். இது கிடைத்த உடனே ஒரு வார்த்தை போடு, ஏறுகிறேன் என்று. வழியில் தொண்டையை மறைத்துக் கட்டு, வெறும் வயிற்றில் விமானம் ஏறாதே.

பனி மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
பௌலீனோ

மறந்துவிடாதே, நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. ஏன் வந்தாய் என்று கண்ணாலேயே கேட்பாள். பல்வலி, அங்கே பிடுங்க ஆளில்லை என்று சொல். நம்ப மாட்டாள். ஆனாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வா.