புயலுக்கு ஒரு புட்டி

அக்டோபர் 9

அன்பு கரண்டிக்கு,

நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நானும் உன் தங்கச்சியும் சுகம். நேற்றிலிருந்து காற்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது. கூடத்து ஜன்னல் கடகடவென்று ஆடுகிறது. உன் தங்கச்சி செய்தித்தாளை மடித்து இடுக்கில் சொருகிவிட்டு, அண்ணனுக்கு எழுதியாயிற்றா என்று காலையிலிருந்து என்னைத் துளைக்கிறாள்.

வழக்கம்போல நீ தேர்ந்தெடு, நான் வாங்குகிறேன். கப்பல் அடுப்பை நீயும் இன்ஜின் அறையை நானும் விட்டு இறங்கிய பிறகு, இந்த ஒரு விஷயத்தில் நாம் தவறியதில்லை. வருஷத்தின் முதல் புயலன்று ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி, நமக்கு இரண்டு கிளாஸ், நம்மோடு கப்பலில் இருந்து செத்துப்போன குருவிக்கு மூன்றாவது கிளாஸில் டீ. கடைக்காரன் இந்த முறை ஸ்காட்ச் அலமாரியைச் சுவர் முழுக்க நீட்டியிருக்கிறான். எனக்கு எல்லாம் ஒரே டீசல்தான். குளிருக்கும் புயலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று சொல். கொஞ்சம் உயர்ந்ததாகவே இருக்கட்டும். இந்த வருஷம் இன்னொருவரும் வருகிறார். பெரிய இடம். யார் என்று நேரில் சொல்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
கிரீஸ்

அக்டோபர் 15

கிரீஸுக்கு,

முழங்கால் இருக்கிறது. கேண்டீனும் இருக்கிறது. இன்று ஒருவன் மூக்கைச் சிந்திய காகிதத்தைச் சாப்பிட்ட தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். மனிதர்களுக்குச் சமைத்துப் போடுவதே பாவம் என்று தோன்றுகிறது. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்த விஸ்கியில் போன வருஷம் கோலாவை ஊற்றினாயே, நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

பூ வாசனை, பழ வாசனை என்று லேசாக இருப்பதெல்லாம் வெயில் காலத்துக்கு. புயலன்று குடித்தால் சோப்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் பன்னிரண்டு வருஷமாவது கிடந்ததாகப் பார். உலர்ந்த திராட்சையும் கிராம்பும் மணக்கும், வயிற்றுக்குள் கம்பளி போர்த்தும். ஆல்கஹால் நாற்பத்தாறு சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் தொடாதே. ஐஸ் வேண்டாம். குளிரில் நடுங்குகிறவன் எதற்கு ஐஸ் போடுகிறான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாலு சொட்டுத் தண்ணீர் போதும். புகை விஸ்கி பக்கமே போகாதே. சதுப்புநிலத்து மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காய வைத்து வடிப்பது அது. புயலுக்கு அதுதான் ஏற்றது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அது நம் கேப்டன் வாயில் அடித்த நாற்றம், எனக்கு ஆகாது.

இனி முக்கியமானது. குருவியின் மகள் வந்திருந்தாள். துறைமுகத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து வருவாளே, அவள்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா குடிபோதையில் தானாகவே மேல்தளத்துக்குப் போய்க் கடலில் விழுந்தார் என்று கேப்டன் எழுதிக் கொடுத்ததுதான் இன்னும் கம்பெனிப் பதிவில் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போகிறாள். அதற்குச் சாட்சி வேண்டும்.

நான் அடுப்படியில் இருந்தவன், என் பேச்சு பாதிதான் எடுபடும். அன்று அந்தப் புயலில் மேலே போய்க் காற்றுக்குழாய் மூடியை இறுக்கச் சொல்லி கேப்டன் இன்ஜின் அறைக்குப் போன் செய்தபோது, குருவியின் பக்கத்தில் நின்றவன் நீ ஒருத்தன்தான். அப்போது நம்மை யாரும் கேட்கவில்லை. அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டார்கள். இப்போது கேட்கிறார்கள். சாட்சித் தாளை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. "எங்கப்பா குடிக்க மாட்டார்னு எனக்குத் தெரியும் மாமா. அதை வேற யாராவது ஒருத்தர் சொன்னா போதும்" என்றாள்.

அந்தப் பெரிய இடம் யார்?

கரண்டி

அக்டோபர் 24

அன்பு கரண்டிக்கு,

தாள் கிடைத்தது. மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. குருவி மகள் டீச்சராகிவிட்டாள் என்று கேட்டு உன் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. வரப்போகிறவர் நம் கேப்டன்தான். இப்போது கம்பெனியின் கரை அலுவலகத்துக்கே அவர்தான் தலைவர். என் மருமகன் வேலை போய், மாதக்கணக்கில் என் வீட்டு சோபாவில் படுத்துக் கிடக்கிறான். அவன் கையிலிருந்து டிவி ரிமோட்டைப் பிடுங்க முடியவில்லை. மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கேப்டன் மனது வைத்தால் நாளைக்கே வேலை. வங்கியில் எதிரே வந்தார், புயலுக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன், மனிதர் உடனே ஒத்துக்கொண்டார்.

புகை இல்லாத விஸ்கியைத் தொடமாட்டாராம். அதனால் உன் வெறுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நல்ல புகை விஸ்கியாக ஒன்று சொல். உன் மூக்கு எனக்கு ஏது? கையெழுத்து எங்கே ஓடிவிடப் போகிறது? மருமகன் வேலையில் சேர்ந்ததும் போடுகிறேன். செத்தவன் காத்திருப்பான், இருக்கிறவனுக்கு வயிறு இருக்கிறதே. நீயும் வா. அன்று ஒரு நாள் மட்டும் பழசைக் கிளறாதே.

அன்புடன்,
கிரீஸ்

அக்டோபர் 29

கிரீஸுக்கு,

சாப்பிட்டுக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அருவருப்பாக இருக்கிறது. இதைவிட நாகரிகமான சொல்லைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று கேப்டன் அறைக்கு ஓடியவன் நான். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் கிளாஸ் உருண்டுவிடக் கூடாதென்று அதைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோவாயிலிருந்து காலரில் ஒழுகியிருந்தது. "குருவி விழுந்துட்டான் சார், கப்பலைத் திருப்பச் சொல்லுங்க" என்றேன். என் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டார். கப்பல் திரும்பவில்லை. தான் குடித்ததைச் செத்தவன் வாயில் ஊற்றி எழுதிக் கொடுத்த ஆள் அவர். அவருக்கு ஊற்றிக் கொடுக்க என் மூக்கை இரவல் கேட்கிறாய். இத்தனை வருஷமும் அவரை என்னோடு சேர்ந்து திட்டிய வாய்தானே உன்னுடையது? எதைத் தேய்த்துக் கழுவினாய்?

மருமகன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. என் கேண்டீனுக்கு அனுப்பு. வெங்காயம் நறுக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் பழக்குகிறேன். விஸ்கிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே அதிகமாகப் புகையடிக்கிற ஸ்காட்ச் எது என்று கேட்டால் கடைக்காரனே எடுத்துக் கொடுப்பான். அதற்கு மூக்கு தேவையில்லை.

நான் வரமாட்டேன். அந்த ஆள் உன் வாசற்படி ஏறுவதற்கு முன்னால் கையெழுத்துப் போடு. இதை இன்னொரு தடவை கேட்கமாட்டேன்.

கரண்டி

தங்கச்சி மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்.

நவம்பர் 16

அன்பு கரண்டிக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். புயல் வந்தது. மதியமே கரண்ட் போய், மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். கேப்டன் வந்தார். கடைக்காரன் கொடுத்த புட்டியில் முக்கால்வாசியை அவரே முடித்தார். நானும் ஒரு வாய் குடித்தேன். ஆஸ்பத்திரி தீப்பிடித்த மாதிரி ஒரு வாடை. நீ சொன்னது சரிதான்.

உன் தங்கச்சி பழக்க தோஷத்தில் மூன்றாவது கிளாஸில் டீ ஊற்றி வைத்துவிட்டாள். நான் எடுப்பதற்குள் கேப்டன் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டார். "யாருக்கும் இல்ல சார்" என்றேன். சுருட்டுச் சாம்பலை அதில் தட்டினார். அப்போது எழுந்து உள்ளே போனவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோற்றை வைக்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு அவரே பழைய கதையை எடுத்தார். மருமகனிடம், "குடிச்சிட்டு ஒருத்தன் எங்க கப்பல்ல இருந்து விழுந்தான். உங்க மாமனார் பக்கத்துல இருந்தார், கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருவி ஒரு சொட்டுகூடத் தொட்டவன் இல்லை. கேப்டன் போனில் சொன்னதால்தான் மேலே போனான். அந்தப் போனை எடுத்தவனே நான்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நமக்குள் தெரிந்திருந்தால் போதாதா? விருந்துக்கு வந்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

திங்கட்கிழமை மருமகன் வேலையில் சேருகிறான். இப்போது தாளை அனுப்பினால் வந்த வழியே அவனை அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நமக்கென்று ஒரு ஷெர்ரி பீப்பாய்ச் சரக்கு வாங்கி வைத்திருக்கிறேன். கோலா ஊற்றமாட்டேன், சத்தியம். எப்போது வருகிறாய்?

என்றும் உன்,
கிரீஸ்

நவம்பர் 22

கிரீஸுக்கு,

உன் கடிதம் வந்தபோது குருவியின் மகள் கேண்டீனில்தான் உட்கார்ந்திருந்தாள். உன் கையெழுத்தோடு அந்தத் தாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் படித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. குருவி குடிக்காதவன், கேப்டன்தான் மேலே போகச் சொன்னார், போனை எடுத்தவன் நீ. எல்லாம் உன் கைப்பட இருக்கிறது, அடியில் கையெழுத்தும் இருக்கிறது. தாளில் கேட்டதைவிட விவரமாகவே எழுதிவிட்டாய். மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறாள்.

உன் மருமகனுக்கு இங்கே இடம் அப்படியே இருக்கிறது. தங்கச்சியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நீ வராதே, எழுதவும் எழுதாதே.

அவள் அழவில்லை. முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். சாம்பல் தட்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு முறை படித்தாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "கை கழுவ எங்க போகணும் மாமா?" என்று கேட்டாள்.

சமையற்காரன்