ராத்திரி முறைத் தண்ணீர்

வட்காவ்,
பிப்ரவரி 18

எல்லைக் காவலில் இருக்கும் தம்பி ஸோபானுக்கு,

நம் குலசாமி கண்டோபா உனக்குத் துணையிருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. சுகம் என்று எழுதியது பாதிதான் உண்மை. பனியில் உன் போன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உன் மனைவி சிந்து இதைச் சொல்லமாட்டாள். ஆகவே நானே எழுதுகிறேன்.

அப்பா நிலம் பிரித்தபோது கிணற்றை மட்டும் பொதுவில் வைத்து, பகல் முறை எனக்கு, ராத்திரி முறை உனக்கு என்றார். நீ பட்டாளத்துக்குப் போனபின் சிந்துதான் டார்ச்சும் மண்வெட்டியுமாக வந்து உன் முறையைப் பாய்ச்சினாள். தீபாவளி கழிந்து சூரிய பம்புக்கு அரசு மானியம் வந்தது. விலையில் பத்தில் ஒரு பங்கு நாம் போட்டால் போதும். ஆனால் பழைய கரண்ட் இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டும். இணைப்பு என் பெயரில் இருந்தது. ஒப்படைத்துவிட்டேன்.

சிந்து அன்றைக்கே கேட்டாள், "அண்ணா, வெயில் இல்லாதப்போ அது ஓடுமா?" என்று. நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "இனிமே நீ கண்ணு முழிக்க வேணாம்மா, நிம்மதியாத் தூங்கு" என்றேன். பாவம், சந்தோஷப்பட்டாள். ராத்திரியில் அது ஓடாது என்று தெரிந்தேதான் சொன்னேன், ஸோபான். என் கரும்பு மட்டும்தான் அப்போது கண்ணில் நின்றது.

இப்போது உன் வெங்காயம் நுனி கருகி நிற்கிறது. டீக்கடையில் பாபூராவ், "என்ன கோண்டிபா, சூரியனை நீ எடுத்துக்கிட்டு, தம்பிக்கு நிலாவைப் பங்கு வெச்சியாமே?" என்றான். கடையே சிரித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இனி மத்தியானம் முழுக்க உன் வயலுக்கு என்று சிந்துவிடம் போய்ச் சொன்னேன். "பகல் உங்க முறைண்ணா. அடுத்தவங்க முறையில கை வெக்கிற பழக்கம் எனக்கில்ல" என்றாள். திங்கட்கிழமை நானே மடை வெட்டித் தண்ணீரை உன் பக்கம் திருப்பினேன். வந்தாள், மண் போட்டு அடைத்துவிட்டுப் போனாள். ஊர்க் கைப்பம்பில் குடம் குடமாக அடித்துச் சுமக்கிறாள். ஒரு ஏக்கருக்குக் குடத்துத் தண்ணீர்!

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நீ லீவில் வந்து என்ன கேட்டாலும் தலைகுனிந்து நிற்பேன். இப்போது அவளுக்கு ஒரே ஒரு வரி எழுது, தண்ணீரை எடுத்துக்கொள் என்று. நீ சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் உன் மலைக்கு வந்து சேர எட்டு நாளாகும். வெங்காயம் அதுவரை தாங்குமோ தெரியாது. அவள் உடம்பு தாங்குமா, அதுவும் தெரியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணன் என்று எழுதக் கை கூசும்,
கோண்டிபா